கேரட் எண்ணெய்க்கு எது காவல்: கரோட்டினா, வைட்டமின் ஈ-யா?

ஊட்டிக்குப் பக்கத்தில் எங்கள் கேத்தி பள்ளத்தாக்கில் கேரட் அறுவடையானதும் எங்கள் வீட்டில் தலைக்குத் தேய்க்க எண்ணெய் காய்ச்சுவோம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், நீலகிரிக் குளிருக்கு ஆகாது. அதனால் சூரியகாந்தி எண்ணெய்தான். அதில் நிறைவுறாக் கொழுப்பு அதிகம், சீக்கிரமே சிக்கு வாடை வரும். கேரட்டுக்குச் செம்மஞ்சள் நிறம் தரும் பீட்டா கரோட்டினே எண்ணெயைக் காப்பாற்றும் என்று ரொம்ப நாள் நம்பினேன். அது பாதிதான் சரி.

வெளிச்சம் படும் இடத்தில் கரோட்டினை மிஞ்ச ஆளில்லை. எண்ணெயில் துளி பச்சையம் தங்கியிருந்தாலும், ஒளி பட்டதும் அது சாதாரண ஆக்சிஜனை ஒற்றைநிலை ஆக்சிஜனாக, அதாவது ஆற்றல் ஏறிய ஆக்சிஜனாக, மாற்றிவிடும். இது சூரியகாந்தி எண்ணெயில் உள்ள லினோலிக் அமிலம் என்ற நிறைவுறாக் கொழுப்பைச் சாதாரண ஆக்சிஜனைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வேகமாகத் தாக்கும். கரோட்டின் அதன் ஆற்றலை வாங்கி வெப்பமாக விட்டுவிட்டு, அடுத்ததைப் பிடிக்கத் தயாராகிவிடும். ஃபூட், டென்னி என்ற வேதியியலாளர்கள் இருவரும் 1968-இல் இதைக் காட்டினார்கள். இந்த வேலையில் வைட்டமின் ஈ ரொம்பப் பின்தங்கிவிடும்.

இருட்டில் கதை மாறுகிறது. அங்கே கொழுப்பைக் கெடுப்பது தனி உறுப்புகளின் (free radicals: இணை சேராத எலக்ட்ரானோடு அலையும் துகள்கள்) தொடர்வினை. வைட்டமின் ஈ ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்துச் சங்கிலியை அறுத்துவிடும். அதன் பிறகு மிஞ்சும் அதன் உறுப்பு சாது, எளிதில் யாரையும் தாக்காது. கரோட்டினோ கொழுப்பைத் தாக்க வரும் தனி உறுப்பைத் தன் மேலேயே ஒட்டவைத்துக்கொள்ளும். சுற்றிலும் ஆக்சிஜன் குறைவாக இருந்தால் பிரச்சினையில்லை. நிறைய இருந்தால் அந்தக் கரோட்டினே ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு கொழுப்பைத் தாக்கக் கிளம்பிவிடும். காவலுக்கு வைத்ததே களவுக்குத் துணைபோகும் நிலை. பர்ட்டன், இங்கோல்ட் என்ற ஆய்வாளர்கள் 1984-இல் எழுதியது இதைத்தான்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம், இங்கே காற்றில் ஆக்சிஜனின் அழுத்தம் சமவெளியைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. அதை நம்பிப் பாதி காலியான புட்டியை விட்டுவைக்க மாட்டேன்.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் என் ஓட்டு வைட்டமின் ஈ-க்கே. நல்லவேளை, சூரியகாந்தி எண்ணெயில் அது இயல்பாகவே உண்டு, கரோட்டின் சீக்கிரம் அழியாமலும் அது பார்த்துக்கொள்ளும். ரொம்ப நேரம் கொதிக்கவிட்டால் இரண்டும் போய்விடும். அதனால் துருவிய கேரட்டை ஈரம் போக உலர்த்தி, சிறு தீயில் காய்ச்சி, சக்கை ஒட்டாமல் வடிகட்டுகிறேன். அப்புறம் சின்னச் சின்னக் கறுப்புப் புட்டிகளில் கழுத்து வரை நிரப்பி அலமாரியில் வைக்கிறேன். போன தடவை ஜன்னலோரம் விட்ட கண்ணாடிப் புட்டியில் செம்மஞ்சள் நிறம் வெளிறி வைக்கோல் நிறமாகியிருந்தது. மூடியைத் திறந்ததும் பழைய முறுக்கு டின் வாடை அடித்தது.