ஹோலி, நவ்ரூஸ், ஈஸ்டர்: மூன்று படப் புத்தகங்களில் எதை வாங்கலாம்?

பண்டிகைப் படப் புத்தகம் என்றாலே கதை கொஞ்சமாகவும் பாடம் நிறையவும் இருக்கும். அதனால் வாங்குமுன் நான் பார்ப்பது ஒன்றுதான்: கதைக்குள் ஏதாவது சிக்கல் வருகிறதா?

கபீர் சேகலும் அவருடைய அம்மா சுரிஷ்டா சேகலும் எழுதிய 'ஃபெஸ்டிவல் ஆஃப் கலர்ஸ்' (2018) இதில் தேறாது. சிண்ட்டூவும் மிண்ட்டூவும் செம்பருத்தி, செண்டுமல்லி என்று பறிக்கிறார்கள், காயவைக்கிறார்கள், பொடியாக்குகிறார்கள், ஹோலியன்று தூவுகிறார்கள். அவ்வளவுதான். ஆனால் வஷ்தி ஹாரிசனின் படங்கள் ஆளை இழுக்கும். இரண்டு மூன்று வயதுக்கு அது போதும். (வட இந்தியாவின் பழைய வழக்கம் புரசம்பூவை ஊறவைத்து ஆரஞ்சுச் சாயம் எடுப்பது. இப்போது பெரும்பாலும் கடைப்பொடிதான்.)

மற்ற இரண்டிலும் வேடிக்கையாக ஒரே விபத்து. ஒரு பிராணி வந்து எல்லாவற்றையும் உடைத்துவிடுகிறது.

ஆதிப் கொர்ரம் எழுதி ஜைனப் ஃபைதி வரைந்த 'செவன் ஸ்பெஷல் சம்திங்ஸ்' (2021) ஈரானியப் புத்தாண்டான நவ்ரூஸின் கதை. அன்று வீட்டில் 'ஹஃப்த் சீன்' மேசை வைப்பார்கள். பூண்டு, ஆப்பிள், வினிகர், முளைப்பயிர் என, பாரசீகத்தில் 'ஸ' ஒலியில் பெயர் தொடங்கும் ஏழு பொருட்கள் அதில் இருக்கும். நம் வீட்டுப் பூனை ஸன்னியும் 'ஸ' தானே என்று சிறுவன் கியானுக்குத் தோன்றுகிறது. பூனை மேசையையே கவிழ்த்துவிடுகிறது! உறவினர்கள் வருவதற்குள் புதிதாக ஏழு பொருள் தேட வேண்டும். பண்டிகையின் விதி இங்கே தகவலாக இல்லை, கியானின் அவசரத் தேவையாக இருக்கிறது. கேட்கும் குழந்தையும் கூடவே தேடத் தொடங்கிவிடும்.

பட்ரீஷியா பொலாக்கோவின் 'ரெச்சென்காஸ் எக்ஸ்' (1988) கதையாக மூன்றிலும் கனமானது. மாஸ்கோ ஈஸ்டர் விழாவுக்காகப் பாட்டி வரைந்து வைத்த முட்டைகளை, அவர் காப்பாற்றிய வாத்தே உடைத்துவிடுகிறது. பிறகு அதுவே சித்திர முட்டைகளை இடுகிறது. இங்கே இழந்ததைத் திருப்பித் தருவது ஓர் அதிசயம். கியானோ தானே ஓடியாட வேண்டியிருக்கிறது. பொலாக்கோவின் புத்தகத்தில் எழுத்தும் அதிகம், ஆறு வயதுக்குக் கீழே உட்கார வைப்பது சிரமம். இன்னொன்றும் உண்டு: முட்டைக் கோலங்கள் உக்ரைனின் பிசாங்கா பாணி, விழா நடப்பதோ மாஸ்கோவில். 2022 ரஷ்ய-உக்ரைன் போருக்குப் பிறகு, விவரம் தெரிந்த பிள்ளையோடு படித்தால் அதைப் பேசாமல் தாண்ட முடியாது. எனக்கு அது குறையாகப் படவில்லை, பெரிய பிள்ளைகளுக்கு இதை வாங்க அது இன்னொரு காரணம்.

சரி, ஒன்றே ஒன்று வாங்க முடியும் என்றால்? கியான் கதைதான். நவ்ரூஸ் மார்ச் 20 வாக்கில் வரும். படித்து முடித்ததும் அந்த மேசையின் முளைப்பயிருக்காகக் கோதுமை முளைக்கவைக்கலாம் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடிப்பார்கள், அது ஓரளவு வளர இரண்டு வாரம் வேண்டும். மார்ச் தொடக்கத்திலேயே வாங்கிவிடுங்கள்.