களி உருட்டக் கற்றுக்கொடுத்த பெண்

பாலக்கோட்டுக்கு அருகிலுள்ள எங்கள் ஊருக்கு இம்முறை போனபோது வங்கி, ரேஷன் கடை, தாலுகா அலுவலகம் எதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. பக்கவாதத்தில் வலக்கை விழுந்துபோன அப்பாவுக்குக் கிடைத்த சிகிச்சையும் கிடைக்காத சிகிச்சையுமே என்னை எழுத வைக்கின்றன.

பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இன்று எங்கள் தெருவுக்கே இயன்முறை சிகிச்சையாளரை அனுப்புகிறது; அப்பா ஊன்றுகோலோடு நடக்கிறார். ஆனால் அவரால் தானே சட்டை போட முடியுமா, குளிக்க முடியுமா என்று அவரை வீட்டுக்கு அனுப்பிய தனியார் மருத்துவமனையில் ஒருவரும் கேட்கவில்லை. நான் வாழும் இங்கிலாந்தில் இதைப் பார்ப்பதற்கென்றே ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இருப்பார். 1,000 பவுண்டுக்கு உட்பட்ட கைப்பிடிக் கம்பி போன்ற சிறு மாற்றங்களுக்குக் காசும் வாங்குவதில்லை.

விசாரித்து விசாரித்து, சேலத்திலிருந்து ஆக்குபேஷனல் தெரபிஸ்டான ஓர் இளம்பெண்ணை வரவழைத்தோம். உபகரணப் பெட்டியை எதிர்பார்த்திருந்த எனக்கு வியப்பு. விழுங்குவதில் சிக்கல் இல்லையென்று உறுதி செய்துகொண்டதும், மதியச் சாப்பாட்டுக் களியையே கொண்டுவரச் சொன்னார். தட்டு நகராமலிருக்க அடியில் ஈரத்துணியை விரித்து, அப்பாவின் முழங்கையை மேசைமேல் ஊன்றவைத்து, விரல்கள்மேல் தன் விரல்களை வைத்துக் களியைக் கிள்ளி, உருட்டி, கீரைக் குழம்பில் தோய்க்கச் செய்தார். முதல் உருண்டை மடியில் விழுந்தது. அம்மாவின் கை உடனே நீண்டது.

“நீங்க அந்தப் பக்கம் உக்காருங்கம்மா, அவரே எடுக்கட்டும்.”

“ஊட்டிவிட ஆளிருக்கறப்ப அவரு எதுக்குப் பாடுபடணும்?”

எங்கள் தெரு முழுக்க இதே கேள்விதான். இங்கிலாந்தில் எத்தனையோ முதியவர்கள் துணைக்கு ஆளில்லாமல் தவிக்கிறார்கள். எங்கள் ஊரில் ஆள் மிகுந்து, தேறக்கூடிய கைக்கும் வேலை இல்லாமல் போகிறது.

சட்டைக்கும் முறை உண்டாம்: போடும்போது பாதித்த கை முதலில், கழற்றும்போது கடைசியில். வெல்குரோ வேட்டி கடைகளிலேயே கிடைக்கிறது. சாப்பிட்டு முடிக்க முக்கால் மணி நேரமாகிறது என்று அம்மா இப்போதும் தொலைபேசியில் முணுமுணுக்கிறார்.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருந்தும், நாங்கள் இதற்காகச் சேலத்துக்குப் போன் போட வேண்டியிருந்தது. வீடு தேடி வரும் அந்த நல்ல திட்டத்தில் இந்தப் பணிக்கும் ஓர் ஆளைச் சேர்த்தால் என்ன?