மரத்தடிப் பேச்சா, சீட்டா? போர் போடும் முன் ஐந்து பங்காளிகள்

அணைக்கட்டுப் பக்கம் எங்கள் கிணறு ஐந்து பங்கு. அடியில் முழுக்கப் பாறை. வெடிப்பு சிக்கினால் தண்ணீர், இல்லையென்றால் வெறும் பாறைப்பொடி. தோண்டிப் பார்க்கும்வரை யாராலும் உறுதி சொல்ல முடியாது. போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போடுவதா என்ற முடிவை இரண்டு தரம், இரண்டு விதமாக எடுத்தோம்.

முதல் தரம் வேப்ப மரத்தடியில் பேசி. "இங்கதான் ஓட்டம் இருக்குது" என்றார் பெரியப்பா. நாங்கள் நால்வரும் தலையாட்டினோம். 600 அடி போனது, புழுதிதான் வந்தது. பேச்சு சீக்கிரம் முடியும், அவ்வளவுதான். கை தூக்கும் ஓட்டெடுப்பு இதைவிட மோசம். 3-2 என்று தோற்ற இருவர் பணம் தர இழுப்பார்கள்.

இரண்டாம் தரம் சீட்டு. சீட்டு என்றதும் உத்திரமேரூர் குடவோலை நினைவுக்கு வரும். அது குலுக்கி ஆள் எடுப்பது, இது வேறு. பேசும் முன்பே அவரவர் மதிப்பைப் பெயரில்லாமல் எழுதி, படித்து, பேசி, மறுபடி எழுதுவது. அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் 1950களில் உருவான டெல்ஃபி முறையின் எளிய வடிவம். 1906இல் இங்கிலாந்தின் பிளிமத் சந்தையில் ஒரு மாட்டின் இறைச்சி எடையை ஊகித்த 787 சீட்டுகளை பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் ஆராய்ந்தார். நடு மதிப்பு 1207 பவுண்டு, உண்மை எடை 1198. அவரவர் தனியாக எழுதியதால் கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டன.

எங்கள் சீட்டில் இரண்டு கேள்வி. புது போரில் தண்ணீர் கிடைக்கப் பத்துக்கு எத்தனை வாய்ப்பு? 8, 7, 3, 3, 2 என்று வந்தது. அந்த 2 அண்ணியுடையது. மரத்தடியில் வாய் திறக்காதவர், "பக்கத்து கொல்லையில ரெண்டு போர் பொய்ச்சிப் போச்சே" என்றார். மறுபடி எழுதியபோதும் 7க்கும் 2க்கும் நடுவில்தான் நின்றோம். தண்ணீர் விஷயத்தில் நாங்கள் கடைசிவரை ஒத்துப்போகவே இல்லை.

ஒத்துப்போனது இரண்டாவது கேள்வியில்: எவ்வளவு பணம் போனால் உன் வீடு தாங்கும்? மிகக் குறைந்த சீட்டு 30,000. அதையே எல்லோருக்கும் எல்லையாக வைத்தோம். ஐந்து பங்குக்கு 1,50,000. புது போர் அதற்குள் அடங்கவில்லை. கிணற்றைத் தூர்வாரி, உள்ளே பக்கவாட்டில் துளை போடும் சைடு போர் போட்டோம். முதல் தரம் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. பெரியப்பா பேச்சை நம்பிக் கடன் வாங்கியவர்கள் இரண்டு வருஷம் அவர் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. சீட்டின் பக்கம் நான் சாய இதுதான் காரணம்.

ஐந்து வீட்டுக்குச் சரிப்பட்டது. ஐம்பது பேர் உள்ள சங்கத்தில் நான் செய்து பார்த்ததில்லை. அதோடு, சைடு போரில் கொஞ்சம் ஊறியது. சுத்தமாக ஊறாமல் போயிருந்தால் எங்கள் ஒற்றுமை நின்றிருக்குமா என்பதற்கும் இன்னும் சோதனை வரவில்லை. இப்போது ஆளுக்கு ஒரு நாள் முறை, இரண்டு மணி நேரம் மோட்டார் ஓடுகிறது. நாளை பெரியப்பா முறை.