கூகுள் ஃப்ளைட்ஸ்: தேடுவதற்கு மட்டும்

கூகுள் ஃப்ளைட்ஸ் விமான டிக்கெட்டைத் தேடும் இடம், விற்கும் இடமல்ல. கடையைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். வருடக்கணக்கில் பயன்படுத்தினாலும் பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

தேடலில் இதை மிஞ்சுவது கஷ்டம். புறப்படும் இடத்தில் சென்னை, திருச்சி, பெங்களூரு மூன்றையும் ஒன்றாகப் போடுங்கள். தஞ்சாவூர்க்காரருக்குத் திருச்சியிலிருந்து கோலாலம்பூர் நேரடி விமானம் ஆயிரம் ரூபாய் கூடுதலென்றாலும் லாபம்தான். பஸ் காசும் ஒரு ராத்திரித் தூக்கமும் மிச்சம். தேதிக் கட்டத்தில் போகும் நாள், திரும்பும் நாள் இரண்டையும் மாற்றி மாற்றி ஒரே பார்வையில் விலை பார்க்கலாம். விலைக் கண்காணிப்பைப் போட்டுவைத்தால் ஏறி இறங்குவது மெயிலில் வந்துவிடும்.

நேரத்தை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். 15ஆம் தேதி 00:20 என்றிருந்தால், 14ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கே மீனம்பாக்கத்தில் நிற்க வேண்டும். போய் இறங்குவதோ விடிகாலை. ஹோட்டல் அறை பெரும்பாலும் மதியம் இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும்.

மலிவாக வரும் 'தனித்தனி டிக்கெட்' இணைப்புகளில்தான் பெரிய ஆபத்து. கோலாலம்பூரில் மாறினால் பையை நீங்களே எடுத்து, இமிக்ரேஷன் தாண்டி, மறுபடி செக்-இன் போட வேண்டும். அதாவது மலேசியாவுக்குள் நுழைகிறீர்கள்; டிஜிட்டல் வருகை அட்டையும் நிரப்பியாக வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் போனதுதான், கேட்க ஆளில்லை. பாங்காக்கில் இன்னொரு கூத்து, விமான நிலையமே இரண்டு: டான் மியாங் வடக்கே, சுவர்ணபூமி கிழக்கே. இறங்குவது ஒன்றிலும் அடுத்தது ஏறுவது மற்றதிலுமாக அமைந்துவிடலாம்.

காட்டும் விலையை அப்படியே ஒப்பிடாதீர்கள். பட்ஜெட் ஏர்லைனில் அது பெரும்பாலும் 7 கிலோ கைப்பைக்கு மட்டும். இரு வழிக்கும் 20 கிலோ சேர்த்து, பணம் கட்டும் பக்கம்வரை போய்ப் பார்த்தால் முழுச் சேவை ஏர்லைனே சில சமயம் மலிவாக இருக்கும்.

வாங்குவது ஏர்லைனின் சொந்தத் தளத்தில்தான். நூறு இருநூறு குறைவென்று பெயர் தெரியாத ஏஜென்சிக்குப் போக வேண்டாம். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருப்பவர்கள் நம்மில் ஏராளம். அந்தப் பெட்டியை நிரப்பாமல் தளம் விடாது என்று அப்பா பெயரை அடித்துவிடுகிறார்கள். பாஸ்போர்ட்டோடு அது பொருந்தாது. சில ஏர்லைன்கள் அதே பெயரை இரு பெட்டியிலும் கேட்கும், சில 'எஃப்.என்.யு' (First Name Unknown, அதாவது முதல் பெயர் தெரியாது) என்று போடச் சொல்லும். அவர்கள் தளத்தின் உதவிப் பக்கத்தில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏஜென்சியில் வாங்கிய டிக்கெட்டில் பெயர் தப்பாகிவிட்டால் ஏர்லைன் ஏஜென்சியைக் கேட்கச் சொல்லும், ஏஜென்சி ஏர்லைனைக் கேட்கச் சொல்லும்.