வாசலில் நிற்கும் பொதிகள்: டெபியன், உபுண்டு, ஃபெடோரா

ஒரு பொதியின் (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருளின்) புதிய பதிப்பைப் பதிவேற்றிய பிறகும் அது அடுத்த கிளைக்குப் போகாமல் வாரக்கணக்கில் நின்றால், அதைக் கவனித்துக்கொள்ளும் பராமரிப்பாளர் கேட்பது ஒன்றைத்தான்: எது தடுக்கிறது? அந்தத் தடையால் பயனருக்கு ஏதாவது நன்மை உண்டா என்பதையும் சேர்த்தே மூன்று லினக்ஸ் திட்டங்களையும் இங்கே எடைபோடுகிறேன்.

டெபியனில் புதியவை முதலில் வந்துசேரும் அன்ஸ்டேபிள் கிளையிலிருந்து, அடுத்த வெளியீடாகத் தயாராகும் டெஸ்டிங் கிளைக்குப் பொதிகளை நகர்த்துவது பிரிட்னி என்ற நிரல். அவசரம் குறைவு என்று குறித்த பொதி 10 நாள், நடுத்தரம் என்றால் 5 நாள், அதிகம் என்றால் 2 நாள் காத்திருக்க வேண்டும். வெளியீட்டைத் தடுக்கும் அளவுக்குக் கடுமையான புதிய வழு (நிரல் பிழை) எதுவும் இருக்கக்கூடாது. அது உள்ளே வருவதால் டெஸ்டிங்கில் இருக்கும் வேறொரு பொதி நிறுவ முடியாமல் போய்விடவும் கூடாது. பலரை அலைக்கழிப்பது இந்தக் கடைசி விதிதான். ஒரு நூலகத்தின் (பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல்தொகுப்பின்) இடைமுகம் மாறினால் அதைச் சார்ந்தவை எல்லாம் மறுபடி தொகுக்கப்பட்டு, பெரும்பாலும் ஒன்றாகவே நகர வேண்டியிருக்கும். 32 பிட் கணினிகளின் நேரக் கணக்கு 2038இல் இடமின்றித் தீர்ந்துவிடும் சிக்கலைத் தவிர்க்க, அதை 64 பிட்டாக மாற்றியபோது, 2024இல் அன்ஸ்டேபிள் பல வாரங்கள் நெரிசலில் திணறியது.

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இன்னொன்று உண்டு. 2019 ஜூலையில் பஸ்டர் என்ற டெபியன் பதிப்பு வெளியானதும், பராமரிப்பாளர் தம் கணினியில் தொகுத்து அனுப்பிய கோப்புகள் டெஸ்டிங்குக்குப் போகாது என்று டெபியன் அறிவித்தது. புதுப் பொதியாக அப்படி நுழைந்தது வழுவே இல்லாமல் இருந்தாலும் நகராது. பதிப்பு எண்ணை ஒன்று கூட்டி, மூலநிரலை மட்டும் மீண்டும் பதிவேற்றினால் தடை நீங்கும். நல்ல வேளையாக, பொதியின் நிலவரப் பக்கமே காரணத்தைச் சொல்லிவிடுகிறது.

உபுண்டுவிலும் அதே பிரிட்னிதான். ஆனால் உருவாக்கத்தில் இருக்கும் பதிப்பில் நாள் கணக்கு இல்லை. புரபோஸ்டு என்ற இடைநிலையில் தானியங்கிச் சோதனைகள் முடிந்தால் அன்றே உள்ளே போகலாம். பொதியைச் சார்ந்த மற்றப் பொதிகளின் சோதனைகளும் தேற வேண்டும். எனவே எங்கோ ஒரு பொதியில் அவ்வப்போது தோற்கும் சோதனை ஒன்று, உங்கள் பொதியைப் பிடித்து நிறுத்திவிடும். அதைவிடப் பெரிய குறை, புரபோஸ்டுவை அன்றாடம் பயன்படுத்துவோர் அரிது என்பது. இயந்திரம் கவனிக்காததைக் கவனிக்க அங்கே ஆளில்லை.

ஃபெடோராவில் போதி என்ற அமைப்பின் வழியே பயனர்களே வாக்களிக்கிறார்கள். போதிய ஆதரவு கிடைத்தால் சீக்கிரமே நிலையான களஞ்சியத்துக்குப் போகும். இல்லாவிட்டால் சாதாரணப் பொதி 7 நாள் ஃபெடோராவின் சோதனைக் களஞ்சியமான டெஸ்டிங்கில் இருந்தால் போதும். பலர் பயன்படுத்தும் மென்பொருளுக்கு இது அருமையான முறை. பயனர் குறைந்ததற்கோ யாரும் எதுவும் சொல்லாத மௌனமே சம்மதமாகிவிடுகிறது.

மூன்றுக்கும் ஒரே நேரத்தில் சோதனை வந்தது 2024 மார்ச் 29 அன்று, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-இசட் நூலகத்தில் மறைத்துவைத்த பின்கதவு (கள்ள நுழைவழி) அம்பலமானபோது. டெபியன் டெஸ்டிங்குக்குள் அது ஏற்கெனவே நுழைந்திருந்தது. நாள் கணக்கு தடுக்கவில்லை. ஃபெடோரா 40 பீட்டா (முன்னோட்டப் பதிப்பு) பயனர்களுக்கு டெஸ்டிங் களஞ்சியம் வழியாகப் போனது. உபுண்டுவில் புரபோஸ்டுவைத் தாண்டவில்லை. ஆனாலும் அந்தச் சூழலில் தொகுத்தவற்றை மறுபடி தொகுக்க வேண்டியிருந்ததால் 24.04 பீட்டா ஒரு வாரம் தள்ளிப்போனது. எந்த வாசலும் அந்தப் பின்கதவை அடையாளம் காணவில்லை. கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட் என்ற மென்பொருள் பொறியாளர். டெபியன் அன்ஸ்டேபிளில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) உள்நுழைவு வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, காரணத்தைத் தோண்டினார்.

அதனால்தான் டெபியனின் காத்திருப்பை ஆதரிக்கிறேன். காத்திருக்கும் நாள்களில் பொதி சும்மா கிடப்பதில்லை. அன்ஸ்டேபிளை அன்றாட வேலைக்கு வைத்திருப்பவர்களின் கணினியில் ஓடிக்கொண்டிருக்கிறது. உபுண்டுவின் சோதனைப் பரப்பும் ஃபெடோராவின் வாக்கும் எனக்குப் பிடித்தவையே. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பயனர் இருக்கும் கிளையில் பொதியைக் காக்கவைத்து, தடுத்ததற்கான காரணத்தையும் எழுதிக்காட்டும் முறைக்கே என் ஓட்டு.