நட்சுமே வாங்கும்போது: வெறும் கறுப்பா, தங்கம் தூவியதா?

ஜப்பானியத் தேநீர்ச் சடங்கில் மட்சா என்ற பச்சைத் தேயிலைத் தூள் வைக்கும் சின்ன மூடிச் சிமிழுக்கு நட்சுமே என்று பெயர். நட்சுமே என்றால் இலந்தை வகைப் பழம். சிமிழும் அந்த உருவம்தான். கெட்டியாகக் குழைக்கும் தேநீருக்குப் பெரும்பாலும் மண்சிமிழ், நுரை பொங்க அடிக்கும் இளந்தேநீருக்கு இது. சடங்கு பழக ஆரம்பித்தவர்கள் முதல் நட்சுமே வாங்கும்போது தடுமாறுவது ஒரே இடத்தில்: வெறும் கறுப்பா, பூவும் பறவையும் தங்கத்தில் மின்னுவதா?

அதற்கு முன்னால் ஒன்று. இதன் பூச்சான உருஷியை நாம் அரக்கு என்று எழுதிவிடுகிறோம். நம் அரக்கு பூச்சி தருவது. உருஷியோ ஒரு மரத்தின் பால். சேராங்கொட்டையின் குடும்பம் என்பதால் பச்சைப் பால் தோலில் பட்டால் கொப்புளம்தான். 10 முதல் 15 வருடம் வளர்ந்த மரத்தைக் கீறினால் சுமார் 200 கிராம் கிடைக்கும்; அந்தப் பருவம் முடிந்ததும் மரத்தையே வெட்டிவிடுவார்கள். வெயிலில் வைத்தால் இது இறுகாது, ஈரக் காற்று வேண்டும். நல்ல நட்சுமேயின் விலையைப் பார்த்து மலைப்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஜப்பானின் இஷிகாவா மாநிலத்தில் அங்குள்ள மூன்று ஊர்களைப் பற்றி ஒரு சொலவடை உண்டு: மரத்துக்கு யமனாகா, பூச்சுக்கு வஜிமா, தங்க வேலைக்கு கனசவா. பாதி ஒப்பீடு அதிலேயே முடிந்துவிடுகிறது.

யமனாகாவின் பலம் கடைசல். மரம் வளர்ந்த திசையிலேயே நெட்டுவாக்கில் துண்டெடுப்பதால் பிற்பாடு கோணுவது குறைவு. மூடியில்தான் இது தெரியும். நன்றாகக் கடைந்த நட்சுமேயில் மூடியைச் சிமிழின் வாய்மேல் வைத்து விரலை எடுத்தால், உள்ளே இருக்கும் காற்று மெல்ல வழிவிட, அது தானாக இறங்கி உட்காரும். வஜிமாவின் பலம் அடிப்பூச்சு. விளிம்பில் துணி ஒட்டி, சுட்டுப் பொடித்த மண்தூளை உருஷியில் கலந்து பூசி, நூற்றுக்கும் மேற்பட்ட படிகளில் செய்கிறார்கள். தினமும் அடிபடும் சூப்புக் கிண்ணத்துக்கு அந்த வலு அவசியம். பட்டுத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைக்கும் சிமிழுக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் எண்ணம். ஆனாலும் 2024 ஜனவரி 1 நிலநடுக்கத்தில் வஜிமா பட்ட பாட்டுக்குப் பிறகு, அங்கே செய்ததைத்தான் வாங்குவேன் என்று ஒருவர் சொன்னால் நான் மறுத்துப் பேச மாட்டேன்.

இப்போது கறுப்பும் தங்கமும். மகி-ஏ என்பது உருஷியால் படம் வரைந்து, அது காய்வதற்குள் தங்கத்தூளைத் தூவும் வேலை. சின்ன ஜன்னல் வழியாக வரும் மங்கல் வெளிச்சத்தில் அது மினுங்கும் அழகுக்கு ஈடில்லை. சிக்கல் என்னவென்றால், அதற்குப் பருவம் உண்டு. செர்ரிப்பூ போட்டதை இலையுதிர் காலத்தில் எடுக்க முடியாது. பக்கத்தில் வேலைப்பாடு மிகுந்த தேநீர்க் கிண்ணம் இருந்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். தேநீர்ச் சடங்கின் பெரிய ஆசான் சென் நோ ரிக்யூ (1522–1591) பெயரால் வழங்கும் வடிவத்தில் செய்த கறுப்பு நட்சுமே எந்த மாதத்துக்கும் எந்தக் கிண்ணத்துக்கும் பொருந்தும். கறுப்பில் குறையை மறைக்கவும் இடமில்லை. கடைசிப் பூச்சில் ஒரு தூசி விழுந்திருந்தாலும் விருந்தினர் குனிந்து கையிலெடுத்துப் பார்க்கும்போது கண்ணில் பட்டுவிடும். முதல் நட்சுமே கறுப்பாகவே இருக்கட்டும். கைவேலை எப்படிப்பட்டது என்று கண் பழகுவது அதில்தான்.

குறைந்த விலையில் தங்கப் பூ வேண்டும் என்று போனால் கிடைப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக்கில் அச்சடித்த பூ. பழகும் வகுப்புக்கு அது போதும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் உருஷி என்று நம்பி ஏமாறக் கூடாது. ஜப்பானில் விற்கும்போது உள்பொருள் என்ன, மேல்பூச்சு என்ன என்று சீட்டில் தனித்தனியாக இருக்கும். இரண்டையும் படியுங்கள். இயற்கை மரம் என்ற வரியைப் பார்த்ததும் பலர் திருப்தியாகிவிடுகிறார்கள். அடுத்த வரியிலேயே யூரித்தேன் பூச்சு, அதாவது செயற்கைப் பூச்சு, என்று இருக்கும்.

அப்புறம் பராமரிப்பு. கறுப்போ தங்கமோ, தண்ணீரில் கழுவ வேண்டாம்; மிச்சத் தூளைத் தட்டிவிட்டு மெல்லிய துணியால் துடைத்தால் போதும். வெயில் படும் அலமாரியில் வைக்காதீர்கள், உருஷியின் பளபளப்பு போய்விடும்.