இரவில் சோற்றை விட்டு இரண்டு வருடம்

சர்க்கரைக்கான ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி 7.1 என்று வந்த அன்று டாக்டர் சொன்னது, முதலில் ராத்திரிச் சாப்பாட்டில் மாவுச்சத்தைக் குறையுங்கள் என்பதுதான். நானும் சோற்றுக்குப் பதில் கேழ்வரகுக் களி, வரகு, சப்பாத்தி என்று மாறினேன். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்தால் பெரிய மாற்றம் இல்லை. எப்படி இருக்கும்? 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து 78 கிராம் என்றால் கேழ்வரகு மாவில் ஏறத்தாழ 70. நார்ச்சத்து கூடுதல்தான், ஆனால் களி உருட்டும் அளவுக்குச் சாப்பிட்டால் கணக்கு ஒன்றுதான்.

அடுத்து ஒரு மாதம் தினமும் முட்டை. அதுவும் சலித்துவிட்டது. அப்போதுதான் புரிந்தது, என் நாக்கு தேடியது குழம்பை. சரி, குழம்பை அப்படியே வைத்துக்கொண்டு அடியில் இருப்பதை மட்டும் மாற்றுவோம் என்று முடிவு செய்தேன். “ராத்திரி வெறுங்குழம்பையா குடிக்கப் போற?” என்று அம்மா கவலைப்பட்டார்.

அடியில் பெரும்பாலும் காலிஃபிளவர். 100 கிராமில் 5 கிராம் மாவுச்சத்துதான், அதே அளவு சோற்றில் 28. பூவை மஞ்சள், உப்பு போட்ட வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்து, துணியில் பரப்பி ஈரம் போகக் காயவிட வேண்டும். இதை அவசரப்பட்டுச் செய்தால் எல்லாம் கெட்டது. பிறகு துருவியின் பெரிய துளையில் துருவி, இரும்பு வாணலியில் நல்லெண்ணெய், கடுகு, காய்ந்த மிளகாய் தாளித்து, தீயைக் கூட்டி நான்கு நிமிடம் கிளற வேண்டும். மூடவே கூடாது, மூடினால் நீர் விட்டுக் கூழாகிவிடும். உப்பு கடைசியில். இதற்குப் புளிக்காய்ச்சலும் கெட்டியான மிளகுக் குழம்பும் அருமையாகச் சேரும். சாம்பார் சேராது, சொதசொதத்துவிடும். தயிரோடு பூவின் வாடை தூக்கலாகத் தெரியும், அதனால் தயிருக்கு வெள்ளரிக்காய்ப் பச்சடிதான்.

எங்கள் ஊர் தூத்துக்குடி. சாளை மீன் வரும் நாளில் யோசனையே வேண்டாம். சின்ன வெங்காயம், மிளகு, சீரகம் அரைத்துத் தடவி, சோளமாவு சேர்க்காமல் தோசைக்கல்லில் பொரித்து, பக்கத்தில் தேங்காய் நிறையப் போட்ட அவரைக்காய்ப் பொரியல். பொரியலைத் தொட்டுக்கொள்ளும் அளவில் வைக்காமல் தட்டு நிறைய வைக்க வேண்டும். புரட்டாசியில் பனீர்ப் பொடிமாஸ், முருங்கைக்கீரைத் துவட்டல், சுரைக்காய்க் கூட்டு. கூட்டில் பாசிப்பருப்பு மூன்று ஸ்பூனோடு சரி. கொண்டைக்கடலைச் சுண்டலைக் கணக்கில்லாமல் சாப்பிடலாம் என்று நினைத்திருந்தேன். வெந்த கடலை 100 கிராமிலும் மாவுச்சத்து 27 கிராம் என்று தெரிந்தபின் அரைக் கிண்ணத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

முதல் இரண்டு வாரம் ராத்திரி பத்தரைக்குப் பசித்தது. தேங்காயையும் எண்ணெயையும் கொஞ்சம் கூட்டியதும் அடங்கியது. மலச்சிக்கலுக்குக் கீரையும் தண்ணீரும் உதவின. உண்மையான சிரமம் காய் நறுக்கும் நேரம்தான். அரைப்படி அரிசி களைந்து வைப்பதைவிட மூன்று மடங்கு வேலை. துருவிய பூ ஃபிரிட்ஜில் இரண்டு நாள்தான் தாங்கும், அப்புறம் வாடை வந்துவிடும்.

ஆறாவது மாதம் எச்பிஏ1சி 6.3. அது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனை என்பதால் எனக்கு நம்பிக்கை வந்தது. இன்றுவரை 6.5-ஐத் தாண்டவில்லை. தினமும் நாற்பது நிமிடம் நடக்கவும் செய்கிறேன், அதனால் பெருமை முழுவதையும் இரவுச் சாப்பாட்டுக்குக் கொடுக்க மாட்டேன். மதியம் ஒரு கிண்ணம் சோறு இன்றும் உண்டு.

அம்மாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. மாத்திரை போடுகிறவர் என்பதால் டாக்டரைக் கேட்காமல் அவர் தட்டில் கை வைக்கவில்லை. மாத்திரை அதே அளவில் இருக்க மாவுச்சத்து மட்டும் குறைந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். கேட்டபின், நான்கு இட்லி இரண்டானது. மீதி இடத்துக்கு அவரே ஒரு சேர்க்கை கண்டுபிடித்தார்: சுரைக்காய்க் கூட்டும் சாளைப் பொரியலும். வாரத்தில் இரண்டு நாள் இப்போது எங்கள் வீட்டில் அதுதான்.